பேய்க்கும் முட்டி வலிக்கும்

மாடிப்படியில் பேய் இறங்கி வந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சேலை, விரித்துப் போட்ட நரைமுடி, கண்ணைச் சுற்றிக் கரி. நான் கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் பிரஷர் மாத்திரையும் வலது கையில் தண்ணீர் டம்ளருமாக அதை அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்தேன்.

ஏழாவது படியில் பேய் நின்றது. மெதுவாகக் கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

“கட், கட்!” என்றார் டைரக்டர் கௌரி. “ஆண்ட்டி, பேய் கைப்பிடிய புடிக்கக் கூடாது. மெதந்து வரணும்.”

“மெதந்துதாம்மா வந்தேன். இந்த முட்டிதான் மெதக்க மாட்டேங்குது,” என்றது பேய். “பேய்க்கும் வயசாகும்லா. கைய விட்டா உருண்டு வந்து விழுவேன். அப்புறம் நெசமாவே பேயாயிருவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒரு வார்த்தை புரியாமலே சிரித்தார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. மாத்திரை என் கை வியர்வையில் கரைய ஆரம்பித்திருந்தது. அந்தப் பேயின் பெயர் பத்மாவதி. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நாள் குறித்துவிட்டு நான் ஏமாற்றிய பெண்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். இத்தனை நாளாக இந்தப் பத்தியில் நாய்க்கடி, அடைத்துக்கொண்ட குழாய் என்று எழுதி உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பத்மாவையே கேட்டேன். “எழுதுங்க. ஆனா என் முட்டி வலிய எழுதாதீங்க,” என்றார். மன்னிக்க வேண்டும் பத்மா, தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.

காது மெஷின் கிழவர்

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: என் பெயர் லூர்துசாமி. பினாங்கு ஜார்ஜ்டவுனில் முப்பத்து நாலு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன். வயது எழுபது. மனைவி தெரேசா இறந்து நாலு வருடமாகிறது. ஒரே மகள் அனிதா பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவில் இருக்கிறாள்.

தெரேசாவின் முதல் வருட நினைவுப் பூசை முடிந்த கையோடு அனிதா ஒரு பெரிய டிவியை வாங்கி வந்து சுவரில் மாட்டினாள். அதில் உலகத்துப் படமெல்லாம் வரும் என்றாள். எனக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாது. ஒரு மத்தியானம் எதையோ அழுத்த, ஒரு படம் ஓட ஆரம்பித்தது. பேரும் தெரியாது, எந்த ஊர்ப் படம் என்றும் தெரியாது. கீழே எழுத்து ஓடியது. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டிருந்ததால் அதையும் படிக்க முடியவில்லை.

ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். காதில் மெஷின். வீட்டில் பேய் இருக்கிறது. அது அவர் முகத்துக்கு நேராக வந்து, வாயைப் பிளந்து, ஓவென்று அலறுகிறது. கிழவர் நிமிர்ந்து பார்க்கிறார். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். ஆரஞ்சுப் பழத்தை மறுபடியும் உரிக்க ஆரம்பிக்கிறார்.

பேயின் முகம் தொங்கிப்போனது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எனக்கே திடுக்கென்றது. தெரேசா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதிலிருந்து அந்த மாதிரிப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பயமும் இருக்கவேண்டும், சிரிப்பும் இருக்கவேண்டும், நாயகனுக்கோ நாயகிக்கோ எழுபது தாண்டியிருக்கவேண்டும். நீங்கள் நினைப்பதைவிட நிறையவே இருக்கின்றன. ஒன்றில் மூன்று கிழவிகள் பிசாசைக் காரில் துரத்துகிறார்கள். மூவருக்குமே லைசென்ஸ் முடிந்துவிட்டது, ஆகவே சிக்னலில் எல்லாம் ஒழுங்காக நின்று நின்று துரத்துகிறார்கள். இன்னொன்றில் ஒரு கிழவர் சண்டை நடுவில் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போகிறார். பிசாசு கதவுக்கு வெளியே காத்திருக்கிறது. ரொம்ப நேரம் காத்திருக்கிறது. என் வயது ஆண்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று அனிதா ஒரு நாள் கேட்டாள். அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரிகிறது.

சாதாரணப் பேய்ப் படத்தில் வாலிபர்கள் ஓடுகிறார்கள். கத்திக்கொண்டே காடு, மேடு, மாடி என்று ஓடுகிறார்கள். கிழவனால் ஓட முடியாது. ஓட முடியாதவன் நின்று, திரும்பி, அதன் முகத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பார்த்தால் அந்த முகம் பெரும்பாலும் தெரிந்த முகமாக இருக்கிறது.

அதோடு, தனியாக இருக்கிற வீட்டில் மத்தியானம் மூன்று மணிக்குக் கதவு தானாக ஆடினால் வாலிபனுக்குப் பயம் வரும். எனக்கு வருவது பயமில்லை. யாரோ வந்திருக்கிறார்களோ என்று ஒரு ஆசை. அந்தப் படங்களை எடுக்கிறவர்களுக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது. கிழவர் முதலில் நடுங்குகிறார், பிறகு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

தெரேசாவுக்குப் பேய்ப் படமே ஆகாது. டிவியில் விளம்பரம் வந்தால்கூட எழுந்து போய்விடுவாள். ஒரு தடவை, திருநாளில் வாங்கி வந்த தீர்த்தத்தை எடுத்து டிவி மேலேயே தெளித்துவிட்டாள். டிவி கெட்டுப்போனது. பழுது பார்க்க வந்தவர் உள்ளே எப்படித் தண்ணீர் போனது என்று கேட்டார். “இவர் தண்ணி இலாகா,” என்று என்னைக் கைகாட்டினாள்.

பற்கள் கட்டாயமில்லை

சூலியா தெருவில் நான் வழக்கமாகப் பசியாறுகிற நாசி கண்டார் சோற்றுக்கடையில் ஒரு காலை அந்தத் தாளைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. “பேய்ப் படத்தில் நடிக்க வயதானவர்கள் தேவை. நடிப்பு அனுபவம் வேண்டாம். பற்கள் கட்டாயமில்லை.”

அனிதாவிடம் சொன்னேன். “அப்பா, பேரக் கெடுத்துக்காதீங்க. கோயில்ல எல்லாரும் கேப்பாங்க,” என்றாள்.

“பேர் கெடறதுக்குள்ள நானே போய்ச் சேந்துருவேன்.”

“இப்படிப் பேசாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

போனேன். கௌரிக்கு நாற்பது வயதிருக்கும். அதுவரை விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். என்னை அறையின் அந்தக் கோடிவரை ஓடச் சொன்னார். ஓடினேன். “இது ஓட்டமா அங்கிள்?” என்றார். “இதுக்கு மேல முடியாது,” என்றேன். “இதான் வேணும். ரொம்ப நாளா இதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்,” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கதை சின்னதுதான். பழைய கடைவீட்டில் தனியாக இருக்கும் ஒரு கிழவர். வீட்டை ஹோட்டலாக்க நினைக்கிறவர்கள் அவரைக் கிளப்பப் பார்க்கிறார்கள். அதே வீட்டில் ஒரு பெண்பேயும் அவரை விரட்டப் பார்க்கிறது. விரட்ட வந்த பேய்க்குக் கிழவர் தேத்தண்ணீர் ஆற்றிக் கொடுக்கிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஹோட்டல்காரர்களை ஓட ஓட விரட்டுகிறார்கள். கடைசியில் பேய்க்கு விடுதலை கிடைக்கிறது. அது போகவேண்டும்.

படப்பிடிப்புக்குப் பிடித்திருந்த வீடு சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அந்த வீட்டு மீட்டரை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன், சமையல்கட்டு மூலையில், எப்போதும் ஒரு பல்லி இருக்கும். முதல் நாள் உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் அந்த மூலையைத்தான் எட்டிப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது ஒரு அம்மா நின்றிருந்தார். பாதி முகத்துக்குக் கரி பூசியிருந்தது.

“நீங்க தண்ணி மீட்டர் பாத்தவர்தானே?” என்றார்.

குரல் எனக்கு முதலில் எட்டியது. முகம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

“வணக்கம் அண்ணே,” என்றார் பத்மா. எல்லோருக்கும் சொல்கிற அதே அண்ணே. இந்த ஊரில் பஸ் டிரைவரும் அண்ணே, பூக்கடைக்காரரும் அண்ணே. இருந்தாலும் எனக்கு அது எங்கே போய்க் குத்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜெலுத்தோங் வீடு

பத்மாவின் வீடு அப்போது ஜெலுத்தோங்கில் இருந்தது. மீட்டர் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். மாதத்தில் முதல் வாரம் நான் போவேன். அவர்கள் வீட்டில் ஒரு முரட்டு நாய். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் அவளுக்கு இரவு ஷிஃப்ட், காலையில் வீட்டில் இருப்பாள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து நாயைப் பிடித்துக் கட்டுவாள். “உள்ள வாங்க. ரீடிங் கூட வந்தா உங்களத்தான் கட்டிப் போடுவேன், நாய இல்ல,” என்பாள்.

மீட்டர் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் பதினைந்து நிமிடம் பார்த்தேன். அப்படி ஒரு வருடம். அப்புறம் ஃபேக்டரி பஸ் வந்து நிற்கிற இடத்தில் காத்திருந்தேன். கடற்கரைத் திடலில் உட்கார்ந்து பேசினோம். அப்படி இன்னொரு வருடம்.

ஒரே ஒரு படம்தான் சேர்ந்து பார்த்தோம். பினாங்கு ரோட்டில் இருந்த ஒரு தியேட்டரில், மத்தியானக் காட்சி, பேய்ப் படம். பேய் வந்ததும் கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டது. பத்மா மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். “சேலையப் பாத்தீங்களா? ஒரு மடிப்பு கெடையாது. செத்தா மடிப்பு வைக்கக்கூட மறந்து போகுமா?” என்று என் காதில் சொன்னாள். நாற்பத்தைந்து வருடமாக எந்தப் பேயைப் பார்த்தாலும் நான் முதலில் சேலை மடிப்பைத்தான் பார்க்கிறேன்.

என் அப்பா மாதா கோயிலில் உபதேசியார். கோயிலில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்பார். அவள் அண்ணன் என்னைப் பார்த்த இடத்தில் காலை ஒடிப்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே பதிவுக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்தோம். பேர் கொடுத்தோம். நாள் கிடைத்தது. காலை பத்து மணி.

அன்றைக்கு லீவு போட்டேன். புதுச் சட்டை. சைக்கிளை மிதித்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு எதிர் முச்சந்தி வரைக்கும் வந்தேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். நீலச் சேலை, கையில் குடை. சாட்சிக் கையெழுத்துப் போடக் கூட்டிவந்த ஃபேக்டரி தோழி பக்கத்தில். பத்மா குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த எதையோ குடை நுனியால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சைக்கிளைத் திருப்பினேன்.

அப்பாவும் அவள் அண்ணனும் அந்த நிமிடம் என் நினைவிலேயே இல்லை. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். லீவு நாளில் வேறொரு தெருவுக்குப் போய் நாற்பது வீட்டு மீட்டர் பார்த்தேன். அடுத்த மாதம் ஜெலுத்தோங் ரூட்டை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அந்த வருடமே அவளுக்குத் தைப்பிங்கில் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். ரொம்ப காலம் கழித்து அந்தத் தோழியைக் காய்கறிப் பாசாரில் பார்த்தபோது, “மத்தியானம் வரைக்கும் நின்னா தெரியுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

வெளியே பகல், உள்ளே ராத்திரி

படப்பிடிப்பு ஒன்பது நாள். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி உள்ளே ராத்திரியாக்கியிருந்தார்கள். வெளியே பகல் பதினொரு மணி, ஐஸ்காரர் மணியடிக்கிறார். உள்ளே நான் பேயைப் பார்த்து நடுங்குகிறேன். புகை மெஷினிலிருந்து ஒரு தித்திப்பு வாடை. கறுப்புத் துணிக்குள் சூடு தாங்காது. பத்மாவின் முகக்கரி வழியும், ஒப்பனைக்காரப் பெண் வந்து ஒற்றி ஒற்றிச் சரிசெய்வாள்.

பழையதை நாங்கள் பேசவேயில்லை. பேசியதெல்லாம் சர்க்கரை அளவு, கண் ஆபரேஷன், தைப்பிங் மழை. கணவர் நல்ல மனிதர், இறந்து ஆறு வருடமாயிற்று, இப்போது ஆயர் ஈத்தாமில் மகள் வீட்டில் இருக்கிறார், இரண்டு பேத்திகள். இவ்வளவுதான் தெரிந்துகொண்டேன். சிரிக்கும்போது இப்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்கிறார். பல் செட் புதிது, நிற்க மாட்டேன் என்கிறதாம்.

நான் தினமும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போனேன். அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடுகிற அந்த நிழல் நடையில், நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகள் ஓட்டிவரும் காடி வந்து நிற்கும். பத்மா முதலில் ஒரு காலை இறக்கி, கதவைப் பிடித்து, பிறகு இன்னொரு காலை இறக்குவார். அவர் முழுதாக நிமிர்ந்து நிற்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம் அனிதா ஃபோனில், “என்னப்பா, குரல்ல ஒரு தெம்பு தெரியுது?” என்றாள். நடிப்பு நல்லா வருது என்றேன்.

கடைசி நாள், கடைசிக் காட்சி. பேய் வாசல் பக்கம் போகிறது. நான் ஒரே ஒரு வரி சொல்லவேண்டும். “போம்மா. நான் பாத்துக்கறேன்.” அதைக் கேட்டுப் பேய் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

எனக்கு அந்த வரி வரவில்லை. முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாவது தடவை வாயே திறக்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. கௌரி நல்லவர். “எல்லாரும் தே குடிங்க. அங்கிளுக்குக் களைப்பா இருக்கு,” என்றார்.

நடு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். மேலே சதுரமாக வானம். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். பத்மா பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார்.

“ஒரு வரிதானே அண்ணே? மறந்து போச்சா?”

“மறக்கல.”

அவர் அடுத்த முட்டிக்குப் போனார்.

“பத்மா, அன்னிக்கு நான் வந்தேன்.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“முச்சந்தி வரைக்கும் வந்தேன். உன்னப் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். உங்க அண்ணனால இல்ல, எங்க அப்பாவால இல்ல. நான்தான் பயந்துட்டேன். இத நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.”

“தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீங்க வந்தது. கறுப்பு சைக்கிள், வெள்ள சட்ட. திருப்புனதப் பாத்தேன்.”

நாற்பத்தைந்து வருடமாக, என்னை அவள் பார்க்கவில்லை என்ற ஒரே ஆறுதலில்தான் நான் தூங்கியிருக்கிறேன்.

“பாத்தியா? அப்புறமும் மத்தியானம் வரைக்கும் நின்னியாமே. ஏன்?”

பத்மா தைலப் புட்டியின் மூடியைத் திருகினார். அது சரியாக உட்காரவில்லை. மறுபடியும் திருகினார்.

“சைக்கிள நிறுத்த எடம் தேடிப் போறீங்கன்னு நெனச்சேன்,” என்றார். “சுத்திட்டு வருவீங்கன்னு.”

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அழாதீங்க. மேக்கப் போயிரும்,” என்றவர், உடனே, “உங்களுக்கு மேக்கப்பே கெடையாது இல்ல? சரி, அப்ப அழுங்க,” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

கறுப்புத் துணிக்குள் திரும்பிப் போனோம். விளக்கு எரிந்தது. புகை வந்தது. பேய் வாசலுக்குப் போனது. என் வாயில் கௌரி எழுதிய வரி வரவில்லை. “போயிட்டு வாம்மா,” என்றேன். வீட்டிலிருந்து கிளம்புகிற யாருக்கும் நாம் அப்படித்தானே சொல்வோம்.

பேய் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது கதை. பத்மா திரும்பிப் பார்த்தார். கௌரி கட் சொல்லவில்லை. ரொம்ப நேரம் சொல்லவில்லை.

மாத்திரை எண்ண மாட்டேன்

எல்லாவற்றையும் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பத்மா முகம் கழுவிவிட்டு அஞ்சடியில் மகளுக்காகக் காத்திருந்தார். காதோரம் கொஞ்சம் கரி பாக்கியிருந்தது. இப்போது கேட்காவிட்டால் பிறகு எப்போதும் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது. கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்பதை எழுதமாட்டேன். எழுபது வயதில் அந்த வார்த்தைகள் யாருக்கும் அழகாக வருவதில்லை.

பத்மா கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை.

“எனக்கு இப்பதான் பிடிச்ச நேரத்துக்கு எழுந்திருக்க முடியுது,” என்றார். “பிடிச்சாச் சமைக்கிறேன், இல்லாட்டி இல்ல. அவரு படுத்தப்ப ரெண்டு வருஷம் காலைல அஞ்சு, ராத்திரி மூணுன்னு மாத்திரை எண்ணி வெச்சேன். முகம் சுளிக்காமத்தான் செஞ்சேன். இன்னொரு ஆளுக்கு எண்ணி வைக்க எனக்குத் தெம்பு இல்லலா.”

“என் மாத்திரைய நானே எண்ணிக்குவேன்.”

“இன்னிக்கு எண்ணுவீங்க.”

மகளின் காடி வந்தது. பத்மா ஒரு காலை ஏற்றி, கதவைப் பிடித்து, இன்னொரு காலை ஏற்றிக்கொண்டார். நான் கதவைச் சாத்தினேன்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நகரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எண்பது பேர் இருப்பார்கள். நான் ஓடிய இடத்திலெல்லாம் சிரிப்பு. பேய் கைப்பிடியைப் பிடித்ததையும் கௌரி வெட்டாமல் வைத்திருந்தார், அதற்குப் பெரிய சிரிப்பு. “போயிட்டு வாம்மா” என்றபோதும் சிரித்தார்கள். பேயிடம் போய் யாராவது போயிட்டு வா என்று சொல்வார்களா? சிரித்துக்கொண்டே இருந்தவர்கள், பேய் திரும்பியதும் நிறுத்திவிட்டார்கள்.

பாலத்தில் போகும்போது அனிதா காடி ஓட்டிக்கொண்டே கேட்டாள். “அப்பா, அந்த ஆண்ட்டி யாரு?”

“பேயா நடிச்சவங்க.”

“அது தெரியும். யாரு?”

சொன்னேன். பாலத்து நடுவில் ஜாம், சொல்ல நேரமிருந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“கல்யாணமான மொத மாசமே சொல்லிட்டேன். முச்சந்தி வரைக்கும் போனத மட்டும் சொல்லல.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘அந்தப் பொண்ணு தப்பிச்சிட்டா’ன்னு சொன்னா.”

அனிதா சிரிக்கவில்லை. என்னைத் தன் வீட்டில் சாப்பிட வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவரை பேசவுமில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

அந்த இரண்டு வாரம் நான் தேடியது தெரேசாவை. இது பத்மா மேல் உள்ள ஆசையைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. இந்த மாதிரி ஒரு கூத்தை மனம் விட்டுச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் என் மனைவிதான். டிவியை அணைத்துவிட்டு, அவள் உட்காருகிற பக்கம் பார்த்து, ஒரு மத்தியானம் முழுதும் எல்லாவற்றையும் சொன்னேன். முச்சந்தியையும் சொன்னேன். கதவு ஆடவில்லை, ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு அனிதா மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். நான் சமையல்கட்டில் இருந்தபோது என் ஃபோனில் ஒரு குரல்செய்தி வந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது என்று, வந்திருக்கும்போது அதை அனிதாதான் அழுத்துவாள், அழுத்திவிட்டாள். பத்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“ஒரு பேய்ப் படம் வந்திருக்காம். கெழவங்க நடிச்சதாம், சிரிப்புப் படமாம். சனிக்கிழம மத்தியானம் பேத்திங்களோட போறேன். வர்றதுன்னா வாங்க. உங்க மாத்திரைய மறக்காம போட்டுட்டு வாங்க.”

அனிதா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“போவீங்களா?”

“நீ வேணாம்னா போகல.”

“நானும் வரேன்,” என்றாள்.

“உனக்குத்தான் பேய்ப் படம் பிடிக்காதே.”

“பிடிக்காதுதான்.” பையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமை போனோம். வரிசையின் அந்தக் கோடியில் பத்மா. அடுத்து பேத்திகள் இரண்டு பேர். அடுத்து அனிதா. இந்தக் கோடியில் நான். படத்தில் ஒரு கிழவர் பேய்க்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டு வெளியே வர முடியாமல் பேயையே கைகொடுக்கச் சொல்கிறார். கொட்டகை குலுங்கியது. இருட்டில் அந்தக் கோடியிலிருந்து பத்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

சிரிப்பு அடங்கும்போது ஒரு பாப்கார்ன் டப்பா அங்கிருந்து கிளம்பியது. பெரிய பேத்தி வாங்கிச் சின்னவளிடம் கொடுத்தாள். சின்னவள் ஒரு பிடி அள்ளிக்கொண்டு அனிதாவிடம் நீட்டினாள். அனிதா அதை மடியில் வைத்துக்கொண்டு திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே டப்பாவை என் கையில் வைத்தாள்.

நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். மீதியை அதே வழியாகத் திருப்பி அனுப்பினேன்.